பழைய ஹோண்டாவைப் புதுப்பிக்கக் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

பழைய ஜப்பானிய பைக், அதிலும் ஆரம்பகால ஹோண்டா சிபி 750 வைத்திருக்கிறீர்கள், யாரிடமாவது கொடுத்து முழுசாகப் புதுப்பிக்கலாம் என்று யோசிக்கிறீர்கள் என்றால், கொடுப்பதற்கு முன் இதை ஒருமுறை படித்துவிடுங்கள். இங்கிலாந்தில் நல்ல பேர் எடுத்த ஒரு ஒர்க்ஷாப்பில் என் வண்டியைக் கொடுத்தேன். போகும்போது துருப்பிடித்த அசல் வண்டி. திரும்பி வரும்போது பளபளவென்று இருந்தது. ஆனால் அதற்கு மதிப்புத் தரும் பாகங்கள் பல காணாமல் போயிருந்தன, என்ஜினும் பாழாகியிருந்தது. விவகாரம் இன்னும் முடியவில்லை என்பதால் ஒர்க்ஷாப்பின் பெயரை எழுதவில்லை. எப்படி ஏமாற்றினார்கள் என்பதை மட்டும் விவரமாகச் சொல்கிறேன். இதைச் செய்யக்கூடியவர்கள் அவர்கள் மட்டும் இல்லை.

முதலில், இந்த வண்டியில் பழைய பாகத்துக்கு ஏன் இத்தனை மதிப்பு என்று சொல்லிவிடுகிறேன். 1968 அக்டோபரில் டோக்கியோ மோட்டார் ஷோவில் ஹோண்டா சிபி 750-ஐக் காட்டியது. 736 சிசி, நான்கு சிலிண்டர், 67 குதிரைத்திறன், முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக், பட்டனை அழுத்தினால் ஸ்டார்ட். அமெரிக்காவில் விலை 1,495 டாலர். இவ்வளவு பெரிய பைக் எத்தனை விற்கும் என்று ஹோண்டாவுக்கே நம்பிக்கை இல்லை. வருஷத்துக்கு 1,500 போதும் என்று கணக்குப் போட்டார்கள். அதனால் கிராங்க்கேஸுக்கு (என்ஜினின் அடிப்பகுதியில் கிராங்க் தண்டைச் சுற்றியிருக்கும் உலோகக் கூடு) உயர் அழுத்த வார்ப்பு அச்சுகளில் பெரிய பணம் போடாமல், செலவு குறைந்த அச்சுகளிலேயே வார்த்தார்கள். மேற்பரப்பு சொரசொரவென்று வந்தது. ஆர்டர்கள் குவிந்த பிறகுதான் வழவழப்பான டைகாஸ்ட் (உயர் அழுத்த வார்ப்பு) கேஸ்களுக்கு மாறினார்கள். சேஸிஸ் எண் 1000001 முதல் 1007414 வரையுள்ள அந்த முதல் 7,414 வண்டிகளைத்தான் உலகம் முழுக்க ‘சேண்ட்காஸ்ட்’ (மணல் அச்சில் வார்த்தது போலச் சொரசொரப்பாக இருப்பதால் வந்த பெயர்) என்று தேடுகிறார்கள்.

அவற்றுக்கும் முன்னால், அறிமுகக் கண்காட்சிகளுக்காகக் கையால் கட்டிய முன்மாதிரிகள் நான்கு. அவற்றில் ஒன்று 2014-இல் ஈபே ஏலத்தில் 148,100 டாலருக்குப் போனது. 1969-இல் பிரைட்டன் கண்காட்சியில் நின்ற இன்னொன்று 2018-இல் இங்கிலாந்தில் ஹெச் அண்ட் ஹெச் ஏலத்தில் 161,000 பவுண்டுக்குப் போனது. என்னுடையது அந்த நான்கில் ஒன்று அல்ல, மூவாயிரத்துச் சொச்சம் எண்ணுள்ள சாதாரண சேண்ட்காஸ்ட். ஆனால் அந்த விலைகளைப் பார்த்த பிறகு, ஆரம்பகாலப் பாகம் என்று சொல்லக்கூடிய ஒரு போல்ட்டுக்குக்கூட ஆள் வருகிறார்கள். திருட்டுக்குக் காரணம் அதுதான்.

கலிபோர்னியாவில் ஒரு ஷெட்டில் பல வருஷம் கிடந்த வண்டி அது. தேடித்தான் வாங்கினேன். இந்த மாடலில் தெரிந்த கோளாறு ஒன்று உண்டு. ஆரம்பகால செயின்கள் அந்த வேகத்துக்கும் இழுப்புக்கும் தாங்காமல் அறுந்து, முன் ஸ்பிராக்கெட்டுக்கு (செயின் ஓடும் பற்சக்கரம்) பின்னால் கிராங்க்கேஸை உடைத்துவிடும். அப்படி உடைந்து வெல்டிங் போட்ட கேஸ்கள் நிறைய. என்னுடையதில் அந்த இடம் சுத்தமாக இருந்தது. சைலன்சர் நான்கும் முதல் வண்டிகளோடு வந்தவை, எண் குத்தாதவை. பின்னால் வந்தவற்றில் ‘ஹெச்எம் 300’ என்று குத்தியிருக்கும். கார்புரேட்டர் நான்குக்கும் மேலிருந்து தனித்தனி கேபிள் இறங்கும் பழைய அமைப்பும் அப்படியே இருந்தது. கொடுப்பதற்கு முன் எல்லாவற்றையும் படம் எடுத்துவைத்தேன். வேலை ஆர்டரிலும் இரண்டு விஷயங்களை எழுதி வாங்கினேன்: கழற்றும் எந்தப் பழைய பாகத்தையும் என்னைக் கேட்காமல் தூக்கிப்போடக் கூடாது, கிராங்க்கேஸின் வெளிப்பரப்பைத் தேய்க்கவோ பிளாஸ்ட் (காற்றழுத்தத்தில் பொடி மணிகளை அடித்துச் சுத்தம்) செய்யவோ கூடாது. ஒர்க்ஷாப் உரிமையாளர் கையெழுத்துப் போட்டார்.

முதல் சில வாரங்கள் படங்கள் அனுப்பினார்கள், போன் எடுத்தார்கள். அப்புறம் படம் நின்றது. கேட்டால் “குரோம் பூசக் கொடுத்த இடத்தில் தாமதம்” என்றார்கள். நேரில் பார்க்க வருகிறேன் என்றால் அந்த வாரம் எப்போதும் ஆள் இல்லை. நடுவில் ஒருநாள், வேலை பாதி முடிந்துவிட்டது, அடுத்த தவணையைக் கார்டில் போடாமல் வங்கிக் கணக்குக்கு நேரடியாக அனுப்பினால் சௌகரியம் என்று ஒரு மின்னஞ்சல் வந்தது. இந்த ஒரு வரியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே திரும்ப வருகிறேன்.

வண்டி வந்தது. டாங்க், பக்க மூடிகளின் நீலப்பச்சைப் பெயிண்ட் தூரத்திலிருந்து அழகாகத்தான் இருந்தது. அசல் கேண்டி பெயிண்ட்டில் அடியில் வெள்ளி நிறம், அதன்மேல் ஒளி ஊடுருவும் நிறப்பூச்சு பல தடவை, கடைசியில் வார்னிஷ். வெயிலில் நிறம் உள்ளிருந்து வரும். இவர்கள் அடித்தது ஒரே மெட்டாலிக் கலர். அது போகட்டும், பெயிண்ட்டைத் திரும்ப அடிக்கலாம்.

சைலன்சருக்குக் கீழே படுத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். நான்கிலும் ‘ஹெச்எம் 300’ என்று தெளிவாகக் குத்தியிருந்தது. பில்லில் “அசல் சைலன்சர் பழுதுபார்த்து மறுகுரோம்” என்று ஒரு பெரிய தொகை. எண்ணே இல்லாத குழாயைக் குரோமுக்குக் கொடுத்தால் எண் எப்படி முளைக்கும்? போன் செய்து கேட்டபோது ஒர்க்ஷாப் உரிமையாளர் முதலில் “அதுதான் உங்களுடையது” என்றார். படத்தை அனுப்பிய பிறகு, “உள்ளே மக்கிப்போயிருந்தது, ஸ்கிராப்பில் போட்டுவிட்டோம், உங்களுக்குப் புதுசு போட்டிருக்கிறோம், லாபம்தானே” என்றார். உள்ளே துருப்பிடிப்பது உண்மைதான், அந்தக் குழாய்களுக்கு அது சகஜம். ஆனால் அவற்றைப் பிளந்து, உட்தகட்டை மாற்றி, திரும்ப வெல்டிங் செய்து குரோம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஓட்டை விழுந்த நிலையிலும் எண்ணில்லாத ஒரு செட்டுக்குப் பல ஆயிரம் பவுண்டு கிடைக்கும். இந்த மாடலை வைத்துப் பிழைப்பு நடத்தும் ஒரு ஒர்க்ஷாப்புக்கு அது தெரியாது என்று நான் நம்பவில்லை.

அடுத்தது கார்புரேட்டர். நான்கு கேபிள் அமைப்பைக் கழற்றிவிட்டு, பிந்தைய மாடலின் ஒரே தண்டில் நான்கையும் திறக்கும் செட்டை மாட்டியிருந்தார்கள். கேட்டால் “இது டியூனிங்குக்கு எளிது, மேம்படுத்திக் கொடுத்திருக்கிறோம்” என்றார்கள். டியூனிங்குக்கு எளிது என்பது சரி. ஆனால் நான் கேட்டது அதுவல்ல. பழைய செட் எங்கே என்றதற்கு இன்றுவரை பதில் இல்லை.

கிராங்க்கேஸைப் பார்த்தபோதுதான் வயிறு எரிந்தது. கண்ணாடி மணிகளால் பிளாஸ்ட் செய்து, மேலே வெள்ளி பெயிண்ட் அடித்திருந்தார்கள். அந்தச் சொரசொரப்புதான் இந்த வண்டியின் அடையாளம். விரலால் தடவினால் தெரியும். இப்போது தடவினால் பெயிண்ட்தான் தட்டுப்படுகிறது.

என்ஜினுக்கு உள்ளே நடந்தது இதைவிடக் கொடுமை. கொஞ்ச தூரம் ஓட்டியதும் அடியில் மந்தமாக ஒரு தட்டல் சத்தம். நிறுத்தி, வீட்டுக்கு வேனில் ஏற்றிவந்து, என்ஜினின் முன்னால் இருக்கும் ஆயில் ஃபில்டர் மூடியின் நீள போல்ட்டைக் கழற்றினேன். வந்த ஆயிலை வெள்ளைத் தட்டில் ஊற்றி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், அடியில் பொடிப்பொடியாக மின்னியது. விரலில் எடுத்துத் தேய்த்தேன், நறநறவென்றது. சில துகள்கள் அலுமினியம். மற்றவை உருண்டையான கண்ணாடி மணிகள், லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் தெளிவாகத் தெரிந்தது. பிளாஸ்ட் செய்த பிறகு கேஸின் ஆயில் வழிகளை அடைத்திருக்கும் பிளக்குகளைக் கழற்றி, பிரஷ் விட்டுக் கழுவவேண்டும். அவர்கள் கழுவவே இல்லை. சிபி 750-இன் கிராங்க் சுழல்வது உருளைகள் மேல் அல்ல, மெல்லிய ஆயில் படலத்தின் மேல், பிளெய்ன் பேரிங் ஷெல்கள் என்ற வளைந்த மெல்லிய தகடுகளில். அந்தப் படலத்துக்குள் கண்ணாடி புகுந்தால் என்ன ஆகும்? நடு ஜர்னல்களில் (கிராங்க் தண்டு அந்த ஷெல்களில் சுழலும் வழவழப்பான பகுதிகள்) நகம் மாட்டும் அளவுக்குக் கோடுகள். ஹோண்டா இந்த என்ஜினுக்கு வண்ணக்குறி பார்த்துப் பொருத்தும் ஷெல்களைத்தான் கொடுத்தது. கிராங்கைத் தேய்த்துவிட்டுத் தடித்த ஷெல் போடும் வழி வைக்கவில்லை. ஆக, வேறு கிராங்க் தேடவேண்டும்.

இதைச் சொன்னபோது ஒர்க்ஷாப் உரிமையாளர் கதையை மாற்றினார். கேஸ் முன்பே செயின் அடித்து உடைந்து வெல்டிங் ஆனது, அதனால்தான் உள்ளே குப்பை என்று எழுத்திலேயே அனுப்பினார். அந்த இடத்தை நான் எல்லாக் கோணத்திலும் படம் எடுத்திருந்தேன், ஒரு கீறல்கூட இல்லை. படங்கள் போன பிறகு பதில் வருவது நின்றுவிட்டது.

சில மாதங்கள் கழித்து, ஐரோப்பாவில் வேறொரு நாட்டிலிருந்து ஒரு எண்ணில்லா சைலன்சர் செட் விற்பனைக்கு வந்திருந்ததை நண்பர் காட்டினார். வலப்பக்கக் கீழ்க்குழாயில், பின்வாயிலிருந்து ஒரு சாண் உள்ளே, பிறை வடிவில் நசுங்கல். என் படத்தில் உள்ள அதே நசுங்கல், பக்கத்தில் அதே இரட்டைக் கீறல். விளம்பரத்தில் “முன்மாதிரி வண்டியிலிருந்து எடுத்தவை” என்று போட்டிருந்தார்கள். ஒரு பாகம் தன் எண்ணுள்ள சேஸிஸிலிருந்து பிரிந்துவிட்டால் அதற்கு எந்தக் கதையையும் கட்டிவிடலாம். முன்மாதிரிகள் கையால் செய்தவை, ஒன்றுக்கொன்று வித்தியாசம் உண்டு. அதனால் வாங்குபவரால் இல்லை என்று நிரூபிக்கவும் முடியாது. முன்மாதிரிப் பாகம் என்று யாராவது விற்க வந்தால், அது எந்த வண்டியில் இருந்தது என்பதற்குப் பழைய படமோ கடிதமோ கேளுங்கள். காட்டாவிட்டால் ஒரு பைசாகூட அதிகம் கொடுக்காதீர்கள். விற்றவருக்கு எழுதினேன், அன்று மாலையே விளம்பரத்தை எடுத்துவிட்டார்கள். போலீஸில் சொன்னேன். இது சிவில் விவகாரம், நீதிமன்றம் போங்கள் என்றார்கள்.

எனக்குக் கைகொடுத்தது கிரெடிட் கார்டு. பிரிட்டனில் நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவின்படி, 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரை விலையுள்ள பொருளுக்கோ வேலைக்கோ ஒரு பகுதியைக் கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் போதும், ஒப்பந்த மீறலுக்குக் கார்டு கம்பெனியும் சேர்ந்து பொறுப்பு. முன்பணத்தை அப்படித்தான் கட்டியிருந்தேன். மீதியை வங்கியில் போடச் சொன்னாலும் அந்த உரிமை போகாது. ஆனால் முதல் தவணையிலிருந்தே வங்கிக் கணக்குதான் வேண்டும் என்று கேட்கும் ஒர்க்ஷாப்பாக இருந்தால் அங்கேயே திரும்பிவிடுங்கள். தனியாக ஒரு என்ஜின் நிபுணரிடம் அறிக்கை வாங்கி, படங்களோடும் கையெழுத்திட்ட வேலை ஆர்டரோடும் கொடுத்தேன். என்ஜின் சேதத்துக்கான பணத்தைக் கார்டு கம்பெனி கொடுத்தது. காணாமல் போன பாகங்களின் மதிப்பில்தான் இழுபறி. இங்கிலாந்தில் சிறு வழக்குக்கு வரம்பு 10,000 பவுண்டு. அதைத் தாண்டினால் வக்கீல் செலவு எகிறும். அதனால் எதை எவ்வளவுக்குக் கோருவது என்று ஒரு வக்கீலோடு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் கொடுக்கும்போது, கழற்றும் ஒவ்வொரு பாகமும் உங்கள் சொத்து, உடைந்திருந்தாலும் பெட்டியில் போட்டுத் திரும்பத் தரவேண்டும் என்று ஆர்டரிலேயே எழுதுங்கள். சைலன்சர், கார்புரேட்டர், சீட், மீட்டர், கிராங்க்கேஸ் மூடிகள் எல்லாவற்றையும் நசுங்கல், கீறலோடு படம் எடுங்கள். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் சின்னதாக ஒரு குறி போட்டுவையுங்கள். “உங்கள் வண்டியில் இருந்தது தவறான பாகம், மாற்றிவிட்டோம்” என்று சொன்னால், அந்தத் தவறான பாகத்தை முதலில் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். விண்டேஜ் ஜப்பானிய மோட்டார்சைக்கிள் கிளப் போன்ற இடங்களில் இந்த மாடலைப் பல வருஷமாகத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். பணம் கொடுக்கும் முன் அவர்களிடம் ஒர்க்ஷாப்பைப் பற்றி விசாரியுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். எண் குத்தாத சிபி 750 சைலன்சர் செட், வலப்பக்கக் கீழ்க்குழாயில் பின்வாயருகே பிறை வடிவ நசுங்கலும் இரட்டைக் கீறலும் உள்ளது, உங்களில் யார் கண்ணிலாவது விற்பனைக்குப் பட்டால், விளம்பரத்தைத் தேதியோடு படம் எடுத்துவைத்துக்கொண்டு எனக்குச் சொல்லுங்கள். விற்பவரிடம் நீங்களாக எதுவும் கேட்டுவிடாதீர்கள், சந்தேகம் வந்தால் உடனே எடுத்துவிடுகிறார்கள்.