தில்லியில் உடற்பயிற்சி: பார்க்கா, வீடா?

மார்ச் மாதக் காலையில் எங்கள் மயூர் விஹார் பார்க்கை அடித்துக்கொள்ள எதுவும் கிடையாது. வெயில் ஏறுமுன் முக்கால் மணி நேரம் நடக்கலாம், பேச்சுத்துணைக்கு மாமிகள் இருப்பார்கள், நாலு நாள் தலை காட்டாவிட்டால் "என்னடி, ஊருக்குப் போயிட்டியா?" என்று கேட்பார்கள், பழக்கம் விட்டுப்போகாமல் இருக்க அந்தக் கேள்வி அவ்வளவு உதவும். வீட்டில் அது இல்லை. குக்கர் விசிலும் காலிங் பெல்லும் பாதியிலேயே இழுத்துவிடும்.

ஆனால் நவம்பர் வந்தால் கதையே வேறு. காற்றுத் தரக் குறியீடு (எண் ஏற ஏறக் காற்று மோசம்) 400ஐத் தாண்டிய நாளில் வேகமாக நடந்தால் மூச்சை அதிகம் இழுப்போம், நுண்துகளும் அதற்கேற்ப உள்ளே போகும். வீட்டுக்குள்ளும் அந்தக் காற்று வராமல் இல்லை, ஜன்னலைச் சாத்தினால் கொஞ்சம் பரவாயில்லை. அப்புறம் மே, ஜூன் அனல்.

இன்னொன்று, நடை மட்டும் போதாது. உலக சுகாதார நிறுவனம் 2020இல் பெரியவர்களுக்குச் சொன்னது, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சி, அதோடு 2 நாளாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி. அதற்கு ஒரு பாய் விரிக்கிற இடம் போதும்: கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது, தண்ணீர் நிரப்பிய பாட்டில்களைத் தூக்குவது. காபிக்கு முன்னால் என்று நேரத்தைக் கட்டிப்போட்டதும், பாயை முந்தின ராத்திரியே எடுத்து வைத்ததும்தான் எனக்குக் கைகொடுத்தது.

ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் நான் வீட்டைத்தான் சொல்வேன். காற்று தெளிந்த மாதங்களில் பார்க்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஆனால் அதற்காகப் பாயைச் சுருட்டி மேலே போட்டுவிடாதீர்கள்.