சுங்கை சிப்புட்டில் ஹைலக்ஸுக்குப் பதிலாக ஓர் அரீனா

2024 ஜூன் 10 முதல் தீபகற்ப மலேசியாவில் டீசல் விலை லிட்டருக்கு 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ரிங்கிட்டாக உயர்ந்ததால், சந்தைக்குக் காய்கறி ஏற்றுவதற்கு வைத்திருந்த டீசல் பிக்கப் வண்டியான இரட்டைக் கேபின் ஹைலக்ஸைக் கொடுத்துவிட்டுப் பழைய புரோட்டோன் அரீனா பிக்கப் ஒன்றை வாங்கினேன்.

2002-இல் அறிமுகமான இவ்வண்டி, புரோட்டோன் வீரா காரை அடிப்படையாகக் கொண்டு வடிவமைக்கப்பட்டது, 1.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் கொண்டது. வீராவின் உதிரிப் பாகங்கள் பல இதற்கும் பொருந்துவதால், சிறுநகரப் பட்டறையிலேயே குறைந்த செலவில் பழுது பார்க்க முடிகிறது. என் கணக்கில் எரிபொருளைவிட இதுவே பெரிய சேமிப்பு.

முன்சக்கர இயக்கம் என்பதால், பின்னால் கனம் ஏற ஏற முன்சக்கரங்களின் பிடிமானம் குறையும். ஆகவே, மழைக்காலத்தில் செம்பனைத் தோட்டத்து மண்சாலைகளில் குலை ஏற்றுபவர்கள் நான்கு சக்கர இயக்கமுள்ள வண்டியைக் கைவிட வேண்டாம். இருவர் மட்டுமே அமரலாம் (பின்னிருக்கையின் அருமையை வீட்டார் இன்றும் எனக்கு நினைவூட்டுகின்றனர்).

வண்டியை மாற்றித் தந்த கடைக்காரர், உரிமை மாற்றத்திற்கான புஸ்பாக்கோம் (வாகனப் பரிசோதனை நிறுவனம்) பரிசோதனையைத் தாமே முடித்துக்கொடுத்தார். அரீனாவின் உற்பத்தி நின்று பல ஆண்டுகளாகிவிட்டதால், சரக்குப் பகுதியின் அடித்தகட்டில் துரு ஏறியிருக்கிறதா என்று குனிந்து பார்த்த பின்னரே முன்பணம் கொடுங்கள்.