ஆட்டோகேட்: ஆயத்தொலைவு உள்ளீடும் பணித்தள அமைப்பும்

கட்டட வரைபடத்தில் ஒரு சுவரின் மூலை எங்கே விழ வேண்டும் என்பதைக் கண்ணளவில் விடாமல் எண்ணால் சொல்ல முடிவதே ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளின் உயிர் என்று நான் கருதுகிறேன். 1982-இல் முதல் பதிப்பு வந்ததிலிருந்து திரையின் தோற்றம் பலமுறை மாறியிருக்கிறது. ஆனால் திரையின் அடியில் கட்டளை தட்டும் வரியான கமாண்ட் லைனில் எண்ணைத் தட்டி எண்டர் அழுத்தும் முறை இன்றும் அப்படியே நிற்கிறது. நாள்தோறும் இதில் பிளான் வரைபவன் என்ற முறையில், ஆயத்தொலைவு உள்ளீடு, பணித்தள அமைப்பு (திரையில் கருவிகளை அடுக்கி வைக்கும் விதம்) ஆகிய இரண்டை மட்டும் இங்கே மதிப்பிடுகிறேன்.

உள்ளீட்டின் இலக்கணம் சிறியது. 3600,4200 என்று தட்டினால், வரைபடத்தின் மூலப்புள்ளியிலிருந்து அளந்த இடம். முன்னால் @ சேர்த்தால், கடைசியாக வைத்த புள்ளியிலிருந்து அளந்த இடம். @3600<45 என்றால், அந்தப் புள்ளியிலிருந்து 45 பாகையில் 3600 தூரம். கோணம் வலப்பக்கக் கிடைக்கோட்டில் தொடங்கி, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் கூடுகிறது. வடக்கிலிருந்து கடிகாரத் திசையில் அளக்கும் நில அளவைக் குறிப்புகளுடன் வேலை செய்பவர்கள் யூனிட்ஸ் கட்டளையில் இதை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் மாற்றிய பிறகு அந்த வரைபடத்தில் தட்டும் ஒவ்வொரு கோணமும் புதிய கணக்கின்படியே எடுத்துக்கொள்ளப்படும் என்பதால், மனை எல்லையை மட்டும் அப்படி வரைந்துவிட்டுப் பழைய அமைப்புக்குத் திரும்புவதே எனக்குச் சரியாகப் படுகிறது.

சிக்கல் டைனமிக் இன்புட்டில் இருக்கிறது. 2006 பதிப்பில் அறிமுகமான இந்த வசதி, கர்சருக்கு அருகிலேயே சிறு பெட்டி காட்டி, பார்வையைத் திரையின் அடிக்கு இறக்காமல் எண்ணைத் தட்ட விடுகிறது; வேகத்துக்கு இதைவிட நல்லது இல்லை. ஆனால் தொடக்க அமைப்பில் அந்தப் பெட்டி, இரண்டாவது புள்ளியிலிருந்து எல்லா எண்ணையும் @ போட்டதாகவே எடுத்துக்கொள்கிறது. என் பக்கத்து இருக்கையில் பயிற்சிக்கு வந்தவர் ஒருவர் ஓர் அறையை வரைந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் 0,0, அடுத்து 3600,0, அதுவரை எல்லாம் சரி. மூன்றாவதாக, அறையின் எதிர்மூலை என்று எண்ணி 3600,4200 என்று தட்டினார். கோடு செங்குத்தாக மேலே ஏறாமல் சாய்ந்து ஓடி 7200,4200-இல் போய் நின்றது. அவர் எண்ணைத் தவறாகத் தட்டவில்லை. அதே எண்ணைக் கமாண்ட் லைனில் தட்டியிருந்தால் கோடு நேராக மேலே ஏறியிருக்கும். கர்சர் பெட்டியில் மூலப்புள்ளியிலிருந்து அளக்க #3600,4200 என்று தட்ட வேண்டும். கமாண்ட் லைனில் அந்த # தேவையில்லை. ஒரே திரையில் இரண்டு இடங்களுக்கு இரண்டு இலக்கணம் இருப்பதை இந்த மென்பொருளின் மிகப்பெரிய குறையாகவே நான் வைக்கிறேன். எஃப்12 விசையால் இந்த வசதியை நிறுத்தவும் மீட்கவும் முடியும் என்பதைப் புதியவர்களுக்கு முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது.

அடி, அங்குலத்தில் வேலை செய்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்றும் உண்டு. திரையில் 5'-6 1/2" என்று காட்டும் அளவைத் தட்டும்போது 5'6-1/2" என்றே தட்ட வேண்டும். இடைவெளி விசை எண்டருக்குச் சமம் என்பதால், காட்டியபடியே தட்டினால் அளவு பாதியிலேயே உள்ளே போய்விடும். வரைந்த கோடுகளின் முனை, நடுப்புள்ளி போன்றவற்றில் கர்சரை ஒட்டவைக்கும் ஆப்ஜெக்ட் ஸ்னாப் இயங்கும்போது விசைப்பலகையில் தட்டிய எண்ணுக்கே முதலிடம் என்பது தொடக்க அமைப்பு. அது சரியான முடிவு. ஆனால் கட்டளைகளை வரிசையாக எழுதி ஓட்டும் ஸ்கிரிப்ட் கோப்பு வழியாகப் புள்ளிகளைக் கொடுத்தால் அந்த முதலிடம் இல்லை. அருகில் உள்ள முனையை ஸ்னாப் பிடித்து இழுத்துவிடக்கூடும். ஆஸ்னாப்கோர்ட் என்ற மாறியை (மென்பொருளின் உள் அமைப்பை) 1 ஆக்குவது, அல்லது ஓட்டும் முன் எஃப்3 அழுத்தி ஸ்னாப்பை நிறுத்துவது இதற்குத் தீர்வு.

சாய்ந்த மனைக்கு, அச்சை நம் விருப்பப்படி திருப்ப விடும் யு.சி.எஸ் கட்டளை பெரிய வரம். எல்லைக்கோட்டைக் காட்டி அச்சைத் திருப்பிவிட்டு, பிளான் கட்டளையால் திரையையும் நேராக்கிக்கொண்டால், சாய்வு என்பதையே மறந்து செங்கோணமாக வரையலாம். திருப்புவதற்கு முன் இருந்த உலக அச்சில் உள்ள ஒரு புள்ளி இடையில் தேவைப்பட்டால், எண்ணுக்கு முன் * போட்டால் போதும்.

இத்தனை நிலைகள் இருப்பதால்தான் பணித்தளத்தை ஒழுங்குபடுத்துவதை நான் அழகு வேலையாகப் பார்ப்பதில்லை. எந்த நிலையில் வரைந்துகொண்டிருக்கிறோம் என்று ஒரு பார்வையில் தெரிய வேண்டும். கீழ்ப்பட்டையில் எல்லாப் பொத்தான்களும் தாமாகத் தெரிவதில்லை. அதன் வலக்கோடியில் உள்ள மூன்று கோட்டுக் குறியை அழுத்தி, ஆயத்தொலைவுக் காட்டியையும் டைனமிக் இன்புட் பொத்தானையும் முதல் வேலையாக வெளியே கொண்டுவர வேண்டும். திரையின் மேலே கட்டளைப் பொத்தான்களைத் தாவல்களாக அடுக்கிக் காட்டும் ரிப்பன் 2009 பதிப்பில் வந்தது. பழைய கருவிப்பட்டைகளுடன் கிடைத்த கிளாசிக் பணித்தளம் 2015 பதிப்பில் நீக்கப்பட்டது. அதற்குப் பழகியவர்கள் மெனுபார் மாறியை 1 ஆக்கி, தேவையான கருவிப்பட்டைகளைத் திறந்து, புதிய பெயரில் சேமித்தால் ஏறக்குறைய அதே திரையைப் பெறலாம். இவ்வளவு பேர் பழகிய ஒன்றை நீக்காமலே விட்டிருக்கலாம் என்பதே என் கருத்து.

திரை அமைப்பை மாற்ற சி.யு.ஐ கட்டளை திறக்கும் சாளரம் ஆற்றல் மிக்கது. எந்தக் கட்டளையையும் எந்தத் தாவலிலும் வைக்கலாம், குறுக்கு விசை கொடுக்கலாம். ஆனால் அடுக்கடுக்கான மரப்பட்டியல் முதல் சில நாட்கள் அச்சுறுத்தும். அதைவிட முக்கியமானது, பணித்தளத்தில் செய்த மாற்றங்கள் வேறொன்றுக்கு மாறும்போது தாமாகச் சேமிக்கப்படுவதில்லை என்பது. பணித்தள அமைப்புகளில் தானியங்கிச் சேமிப்பைத் தேர்ந்தால்தான் நிலைக்கும். நான் அதைத் தேராமல், திருப்தியான அடுக்கைக் கையால் சேமித்து வைக்கிறேன்; அவசரத்தில் இழுத்துப் போட்ட பலகைகள் அந்தப் பணித்தளத்தை மீண்டும் தேர்ந்ததும் பழைய இடத்துக்கே போய்விடுகின்றன.

கணினி மாற்றுபவர்கள் இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். அலகும் லேயரும் (கோடுகளை வகைபிரித்து வைக்கும் அடுக்குகளும்) வரைபடக் கோப்போடு வரும், பணித்தளமோ .சி.யு.ஐ.எக்ஸ் கோப்பிலும், கட்டளைச் சுருக்கெழுத்துகள் .பி.ஜி.பி கோப்பிலும் தனியாக இருக்கின்றன. இவ்விரண்டையும் நகலெடுத்துக்கொள்ளாமல் வரைபடங்களை மட்டும் கொண்டுபோனால், நாமே அமைத்து விரல்கள் பழகிய ஒரு சுருக்கெழுத்தும் புதிய கணினியில் வேலை செய்யாது.