குழுவைப் பெருப்பித்துத் தருகிறேன் என்று வருபவர்களிடம் கவனம்

வட்ஸ்அப்பிலோ டெலிகிராமிலோ ஆளுக்கு ஆள் கதைத்துச் சிநேகிதமாகிற சின்னக் குழு ஒன்றை நீங்கள் நடத்துகிறீர்களா? அப்படியொரு குழுவில் உங்கள் தங்கையோ மகளோ இருக்கிறாளா? தயவுசெய்து இதை முழுதாக வாசியுங்கள். எனக்குப் போனது 45,000 ரூபாய். தையல் காசு, மெல்ல மெல்ல உழைத்துவிடுவேன். ஆனால் என்னை நம்பி எழுதிக் கொடுத்தவர்களின் போன் நம்பர்கள் யார் யார் கைக்கோ போய்விட்டன. அதைத்தான் திருப்பி எடுக்க முடியவில்லை.

நான் இருப்பது கிளிநொச்சி மாவட்டத்தில், ஏ9 வீதியிலிருந்து உள்ளே இறங்கிப் போகிற ஒரு கிராமம். குழுவின் பெயரை இங்கே எழுதவில்லை. உள்ளே இருந்த பிள்ளைகளுக்கு இதனால் இன்னொரு தொல்லை வரக்கூடாது.

2020 பங்குனியில் ஊரடங்கு போட்ட நேரம்தான் தொடங்கினேன். வன்னியில் வீடுகள் தள்ளித் தள்ளி இருக்கும், நடுவில் வயலும் பற்றைக் காணியும். கடைசி பஸ் போய்விட்டால் ஊர் அடங்கிவிடும். ஊரடங்கு இல்லாத நாளிலேயே கதைக்க ஆள் தேட வேண்டிய இடம். முதலில் 19 பேர். ஒட்டுசுட்டான், முள்ளியவளை, நெடுங்கேணி, அக்கராயன், விசுவமடு என்று ஒருவர் இன்னொருவரைக் கூட்டி வந்தார்கள். முதுகுத்தண்டில் காயப்பட்டுச் சக்கர நாற்காலியில் இருக்கிற ஒரு அண்ணை, பிள்ளைகளைத் தனியே வளர்க்கிற இரண்டு மூன்று அக்காமார், கனடாவில் இரவு வேலை செய்கிற ஒருவர், ஆடைத் தொழிற்சாலைக்குப் போகிற பிள்ளைகள். வட்ஸ்அப் குழுவில் எல்லாருடைய நம்பரும் எல்லாருக்கும் தெரியும். பெண்பிள்ளைகளுக்கு அது சரிவராது என்று 2021இல் டெலிகிராமுக்கு மாறினோம். அங்கே நம்பரை மறைத்து வைக்கலாம். யாருடைய இன்பொக்ஸுக்குப் போவதானாலும் முதலில் குழுவிலேயே கேட்டுவிட்டுப் போக வேண்டும், இரவு பத்துக்குப் பிறகு பதிவு போடக்கூடாது. இரண்டே விதிகள்தான்.

புதன்கிழமை பின்னேரம் நான் ஒரு கேள்வி போடுவேன். ஒருமுறை, "கடைசியாகப் பாலைப்பழம் சாப்பிட்டது எப்போது?" என்று கேட்டேன். மாங்குளத்துக்காரர் ஒருவர் அன்று காலையில் பிடுங்கிய பழத்தைச் சிரட்டையில் போட்டுப் படம் எடுத்து அனுப்பினார். கனடாக்காரர், "சொண்டு ரெண்டும் ஒட்டிப் பிடிக்குமே, அந்தப் பால்... பத்து வருசமாச்சு" என்று குரல்பதிவு போட்டார். அதோடு இரவு பத்து வரைக்கும் கதை. அதுவரை ஒரு சொல்லும் எழுதாத ஒரு பிள்ளை, பழம் விற்கப் போன தன் அம்மம்மாவைப் பற்றி நீளமாக எழுதினாள். எனக்கு அந்தக் குழு என்றால் அந்த இரவுதான்.

குறை இல்லாமல் இல்லை. நாலு வருடத்தில் 143 பேர் ஆனோம். புதிதாக வருகிறவர்கள் ஒரு வணக்கம் போடுவார்கள். நான் மெசினில் இருப்பேன், வேறு ஒருத்தரும் கவனிக்க மாட்டார்கள், மூன்றாம் நாள் போய்விடுவார்கள். சில ஆண்கள் வந்த கையோடு, "பெண்கள் யாராவது கதைக்க இருக்கினமா?" என்று கேட்பார்கள். அவர்களை அகற்றவே தனி நேரம் வேண்டும். குழுவைத் திருத்த வேண்டும் என்ற ஆசை எனக்கு உண்மையாகவே இருந்தது. அந்த ஆசையைப் பார்த்துத்தான் அவன் வந்தான்.

2024 வைகாசி, வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் முடிந்த கிழமை. குழுவில் இரண்டு மாதமாக அமைதியாக இருந்த ஒருவன் எனக்குத் தனியாக எழுதினான். "அக்கா, இவ்வளவு நல்ல குறூப்பை 143 பேரோட வச்சிருக்கிறது பாவம். ரெண்டாயிரம் பேராக்கித் தாறன். வயசு, ஊர், விருப்பம் பார்த்து ஆளுக்கு ஆள் சேர்த்துவிடுற பொட் ஒண்டும் செய்து தாறன்." பொட் என்றால் ஆள் இல்லாமல் தானாக வேலை செய்கிற ஒரு புரோகிராம். வவுனியா என்றான், பிறகு கொழும்பில் வேலை என்றான். மரியாதையான பேச்சு. தம்பி தம்பி என்றே நானும் கதைத்தேன். முதலில் 15,000. வங்கிக் கணக்கு வேறு யாருடையதோ பெயரில் இருந்தது. கேட்டதற்கு மச்சானுடையது என்றான். அந்த இடத்திலேயே நான் நிறுத்தியிருக்க வேண்டும்.

இரண்டே நாளில் ஆட்கள் வந்து குவிந்தார்கள். ஒரு கிழமையில் 1,900 தாண்டியது. எனக்குச் சந்தோசம், பொய் சொல்லவில்லை. தைத்துக்கொண்டிருக்கும்போதே அடிக்கடி போனை எடுத்து அந்த எண்ணைப் பார்ப்பேன். குழுவின் பெயருக்குக் கீழே உறுப்பினர் தொகையும், பக்கத்தில் ஒன்லைனில் எத்தனை பேர் என்பதும் இருக்கும். 1,900 பேரில் ஒன்லைனில் 11 பேர். 143 பேராக இருந்தபோது பின்னேரங்களில் இருபது பேராவது இருப்பார்கள். புதியவர்களின் பெயரைத் தட்டிப் பார்த்தேன். படம் இல்லை, எழுத்து எந்த மொழியென்றே தெரியவில்லை, "கடைசியாகப் பார்த்தது நெடுநாளுக்கு முன்" என்று கிடந்தது. காசுக்கு விற்கிற வெற்றுக் கணக்குகள். கேட்டேன். "அது சும்மா தொகை காட்டத்தான் அக்கா. தொகையைப் பார்த்து உண்மையான ஆக்கள் தானா வருவினம்" என்றான்.

நடந்தது அதற்கு நேர் எதிர். இருந்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். அந்தப் புதன் என் கேள்விக்கு மூன்றே பதில். சக்கர நாற்காலி அண்ணை எனக்குத் தனியாக எழுதினார்: "பிள்ளை, ஆர் இவ்வளவு பேரும்? முன்னப்பின்னத் தெரியாத ஆக்களுக்கு முன்னால கதைக்கக் கூச்சமாக் கிடக்கு." கொஞ்ச நாளில் பழகிவிடும் அண்ணை என்று நான் ஆறுதல் சொன்னேன். அவர் சொன்னதை அன்றைக்கே கேட்டிருந்தால் மிச்சம் ஒன்றும் நடந்திராது.

அடுத்தது கடவுச்சொல். முதல் கிழமையிலேயே, "அக்கா, உங்கட பாதுகாப்புக்கு இரண்டு படி உறுதிப்படுத்தலைப் போடுங்கோ" என்று சொல்லி, எந்த இடத்தில் எதை அழுத்துவது என்று பொறுமையாகக் காட்டித் தந்தான். கணக்குக்குள் போக, போனுக்கு வருகிற குறியீட்டோடு ஒரு கடவுச்சொல்லும் கேட்கிற பூட்டு அது. நல்ல விசயம்தானே என்று செய்தேன். இன்றைக்கும் சொல்கிறேன், எல்லாரும் அதைப் போட்டு வைக்க வேண்டும். ஆனால் அவன் அதைப் போடச் சொன்னதன் உண்மைக் காரணம் வேறு. டெலிகிராமில் ஒரு குழுவின் உரிமையை இன்னொருவருக்கு மாற்றுவதானால், மாற்றுகிறவரின் கணக்கில் இந்த உறுதிப்படுத்தல் ஏழு நாளுக்கு முன்பே போட்டிருக்க வேண்டும். அந்த ஏழு நாளுக்காகத்தான் அவன் காத்திருந்தான். இதை நான் தெரிந்துகொண்டது எல்லாம் முடிந்த பிறகு.

நடுவில் படிவம். ஊரடங்கு நாட்களில், பெண் பெயரில் ஆண்கள் நுழையாமல் இருக்க ஒரு கூகுள் படிவம் வைத்திருந்தேன். பெயர், வயது, ஊர், போன் நம்பர். நானே எடுத்துக் கதைத்துப் பார்த்துவிட்டுத்தான் சேர்ப்பேன். அந்த வேலை முடிந்ததும் அழித்திருக்க வேண்டும், அழிக்கவில்லை. பொட்டுக்கு ஆட்களின் வயதும் ஊரும் தேவை என்று சொல்லி, பதில்கள் இருக்கிற தாளைத் தனக்குத் திறந்துவிடச் சொன்னான். திறந்துவிட்டேன். பிறகு அணுக்கத்தை மூடினேன்தான், ஆனால் ஒருவர் ஒருமுறை பிரதி எடுத்துவிட்டால் மூடி என்ன பயன்? அந்த நம்பர்கள் என்னுடையவை இல்லை. எழுதியவர்கள் எனக்கு மட்டும் என்று தந்தவை. இன்னொருவருக்குக் காட்ட எனக்கு உரிமையே இல்லை.

கடைசியில் இன்னுமொரு 30,000. "பொட்டை இணைக்க ஓனர் பெயரில இருக்கோணும் அக்கா, பத்து நிமிசத்தில திருப்பித் தாறன்." பொய். பொட்டை ஓனரே தன் கையால் சேர்க்கலாம், உரிமையை மாற்ற ஒரு தேவையும் இல்லை. அது எனக்குத் தெரியாது. மத்தியானம், ஒரு பள்ளிக்கூடச் சட்டைக்குக் கொலர் தைத்துக்கொண்டிருந்தேன். போனை மெசின் பலகையில் வைத்து, அட்மின்கள் பட்டியலில் அவன் பெயரைத் தொட்டு, உரிமை மாற்றம் என்பதை அழுத்தினேன். கடவுச்சொல் கேட்டது, போட்டேன். கொலரின் மற்றப் பக்கத்தைத் தைத்து முடித்துவிட்டுப் பார்த்தால் குழுவையே காணவில்லை. என்னை அகற்றிவிட்டான். மாற்றிய உரிமையை நாம் திருப்பி எடுக்க முடியாது, வாங்கியவர் மனம் வைத்துத் தந்தால்தான் உண்டு.

அன்று இரவே குழுவில் அறிவிப்பு வந்ததாம். தொடர்ந்து இருக்க உறுதிப்படுத்தல் கட்டணம் 2,500 ரூபாய். ஆண்களுக்குத் தனியாக, 5,000 கட்டினால் "உண்மையான பெண்களின் நம்பர்" தருவதாக. என் பெயரைப் போட்டே எழுதியிருந்தான்.

மூன்றாம் நாள் இரவு ஒரு அழைப்பு. பாலைப்பழத்துக்கு அம்மம்மாவின் கதை எழுதிய அந்தப் பிள்ளை.

"அக்கா, என்ர நம்பரை நீங்களோ குடுத்தனீங்கள்?"

ஓம் என்று சொல்வதா இல்லை என்று சொல்வதா எனத் தெரியாமல் நின்றேன். அன்று பகலில் மட்டும் நாலு பேர் எடுத்திருக்கிறார்கள். ஒரு அழைப்பை அவளுடைய அப்பா எடுத்திருக்கிறார். அண்ணன்காரன் சிம்மைக் கழற்றி வைத்துவிட்டானாம். அயல் வீட்டுப் போனிலிருந்துதான் கதைத்தாள். இங்கே ஒரு பெண்பிள்ளையின் நம்பர் வெளியில் போனால், பிழை யாருடையது என்று யாரும் கேட்பதில்லை. முதலில் அவளுடைய போன் போகும், பிறகு வேலை.

அடுத்த ஞாயிறு இரண்டு பஸ் மாறி அவர்கள் வீட்டுக்குப் போனேன். தாய் தேத்தண்ணி தந்தா. பிழை என்னுடையது, பிள்ளையுடையது இல்லை என்று தாய்க்கும் தகப்பனுக்கும் முன்னால் சொன்னேன். தகப்பன் ஒன்றும் சொல்லவில்லை. தாய், "நீங்களும் பொம்பிளைப் பிள்ளைதானே, யோசிக்கேல்லையோ?" என்று மட்டும் கேட்டா. வேலைக்குப் போக விடுகிறார்கள். போன் இன்னும் கொடுக்கவில்லை.

மிச்சப் பேருக்கும் ஒவ்வொருவராக எடுத்துச் சொன்னேன். பதினாறு நாள் பிடித்தது. சிலர் ஏசினார்கள், கேட்டுக்கொண்டேன். பொலிஸில் முறைப்பாடு கொடுத்தேன், விசாரணை நடக்கிறது. உங்களுக்கு இப்படி நடந்தால் முதலில் ஒன்றையும் அழிக்காதீர்கள். உரையாடல், வங்கி ரசீது, அவனுடைய பயனர் பெயர் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷொட் எடுங்கள். கோபத்தில் அவனைத் தடுத்து, உரையாடலை அழித்ததில் எனக்குப் பாதி ஆதாரம் போய்விட்டது. இணையப் பாதுகாப்புக்கு, இலங்கை சேர்ட் என்கிற அரசின் கணினி அவசர உதவி அமைப்பின் 101 என்ற போன் நம்பர் இருக்கிறது. பெண்களுக்கு வருகிற இணையத் தொந்தரவுக்கு ஹிதவதி என்கிற உதவிச் சேவை இருக்கிறது, பெண்கள் உதவிக்கு 1938 என்ற நம்பர் இருக்கிறது. 2007ஆம் ஆண்டிலேயே கணினிக் குற்றச் சட்டமும் வந்துவிட்டது. வெட்கப்பட்டுக்கொண்டு இருந்தால் அடுத்த குழுவுக்குப் போவான்.

இப்போது வேறு குழு. 71 பேர் திரும்பி வந்திருக்கிறார்கள். படிவம் இல்லை. வருகிறவர்களை அட்மின் அனுமதித்தால்தான் உள்ளே வரலாம். அழைப்பு லிங்க் ஒருவருக்கு ஒன்று. எல்லாரையும் நம்பர் தெரியாதபடி மறைக்க வைத்தோம். "என் நம்பரை யார் பார்க்கலாம்" என்பதில் ஒருவரும் இல்லை என்றும், "நம்பரை வைத்து யார் தேடலாம்" என்பதில் என் தொடர்புகள் மட்டும் என்றும் போட வேண்டும். முதலாவதைப் போட்டுவிட்டு இரண்டாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

காசு கொடுத்துத் தேடிய திருத்தம் ஒரு சதமும் இல்லாமல் கிடைத்தது. சக்கர நாற்காலி அண்ணைதான் வழி சொன்னார். புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் பழைய ஆள் ஒருவர் முதல் கிழமைக்குக் கூட்டாளி. பெண்ணுக்குப் பெண், ஆணுக்கு ஆண். அவர்தான் குழுவில் பெயர் சொல்லி வரவேற்பார், ஊர் கேட்பார், புதன் கேள்விக்கு இழுத்துவிடுவார். இந்த முறை தொடங்கிய பிறகு வந்த ஒன்பது பேரில் எட்டுப் பேர் இன்னும் கதைத்துக்கொண்டிருக்கிறார்கள். குழு வளர்ந்தது என்று நான் இப்போது எண்ணுவது அந்த எட்டைத்தான்.

பழைய குழு இன்னும் அழியவில்லை. அதே படம், அதே பெயர், அட்மின் இடத்தில் என் பெயரைப் போல ஒரு பெயர். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கத்தில் நட்புக்கு ஆள் சேர்க்கிறோம் என்று சொல்லிக் கட்டணம் கேட்டால் அது நாங்கள் இல்லை. ஒருநாளும் யாரிடமும் ஐந்து சதம் வாங்கியதில்லை, இனியும் வாங்க மாட்டோம். அதில் இருப்பவர்கள் டெலிகிராமிலேயே அந்தக் குழுவை முறையிட்டுவிட்டு வெளியேறுங்கள். காசு கட்டியவர்கள் ரசீதோடு எனக்கு எழுதுங்கள். உங்கள் முறைப்பாடும் சேர்ந்தால் விசாரணைக்குப் பலம்.