இழுப்பது கார், நிறுத்துவது எது? கேரவன் பிரேக், வயரிங் வகைகள் ஓர் ஒப்பீடு

காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப்போகும் எங்கள் கேரவனின் தகட்டில் இரண்டு எண்கள் பொறித்திருக்கும்: ஏடிஎம் 2,400 கிலோ, ஜிடிஎம் 2,180 கிலோ. முதலாவது, காரிலிருந்து கழற்றித் தனியாக நிற்கும்போது சாமானோடு சேர்த்து கேரவன் எட்டலாம் என்கிற மொத்த எடை. இரண்டாவது, காரில் மாட்டிய பிறகு கேரவனின் சொந்தச் சக்கரங்கள் தாங்கும் எடை. மீதி 220 கிலோ, காரின் பின்னால் கேரவனை மாட்டும் உருண்டையான டோ பால் மேல் இறங்குகிறது, அதைக் கார் சுமக்கிறது. சிட்னியில் டூங்காபி, வென்ட்வொர்த்வில் பக்கம் கேரவன் வாங்க யோசிக்கும் நண்பர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "உங்க பிராடோ எவ்வளவு இழுக்கும்?" என்றுதான். என் கார் டொயோட்டா பிராடோ 150 டீசல் ஆட்டோமேட்டிக், 2017 கடைசிக்குப் பிறகு வந்தது, 3,000 கிலோ இழுக்கும். ஆனால் எந்த பிரேக் வேண்டும், எந்த வயரிங் வேண்டும் என்பதை முடிவு செய்வது ஜிடிஎம் எண். அதை யாரும் கேட்பதில்லை.

ஆஸ்திரேலிய விதி இதில் தெளிவாக இருக்கிறது. ஒற்றை அச்சு ட்ரெய்லரில் ஜிடிஎம் 750 கிலோ வரை இருந்தால் தனி பிரேக் தேவையில்லை. குப்பை கொட்டப் போகும் சின்னப் பெட்டி ட்ரெய்லர் இந்த வகை. 750க்கு மேல் 2,000 வரை, குறைந்தது ஓர் அச்சின் இரண்டு சக்கரங்களிலும் பிரேக் வேண்டும். 2,000 தாண்டினால் எல்லாச் சக்கரங்களிலும் பிரேக் வேண்டும், அதை ஓட்டுநர் இருக்கையிலிருந்து இயக்க முடிய வேண்டும், ட்ரெய்லர் காரிலிருந்து பிய்த்துக்கொண்டால் தானாக பிரேக் பிடிக்கும் பிரேக்அவே கருவியும் வேண்டும்.

முதல் ஒப்பீடு: ஓவர்ரைடு பிரேக்கா, மின்சார பிரேக்கா. ஓவர்ரைடு பிரேக் எளிமையானது. கார் வேகம் குறையும்போது ட்ரெய்லர் முன்னால் வந்து, அதைக் காரோடு இணைக்கும் கப்ளிங்கை முட்டும். அந்த முட்டல் ஒரு கேபிளை இழுக்கும், அல்லது ஹைட்ராலிக் சிலிண்டரை அழுத்தும், பிரேக் பிடிக்கும். காரில் எதுவும் பொருத்த வேண்டாம், யார் காரிலும் மாட்டலாம். ஒரே ட்ரெய்லரை நாலு வீட்டுக்காரர்கள் மாற்றி மாற்றி எடுத்துப்போகிறார்கள் என்றால் இதுவே போதும். ஆனால் நீண்ட இறக்கத்தில் ட்ரெய்லர் காரை முட்டிக்கொண்டேதான் வரும், அதனால் அதன் பிரேக்கும் உரசிக்கொண்டே சூடாகும். மேட்டில் பின்னால் எடுக்கும்போது பூட்டு நெம்புகோலைப் போட மறந்தால் பிரேக் பிடித்து நின்றுவிடும். எல்லாவற்றையும் விடப் பெரிய குறை, ட்ரெய்லர் பிரேக்கை மட்டும் தனியாக அழுத்த ஓட்டுநருக்கு வழியே இல்லை. 2,000 கிலோவுக்கு மேல் சட்டமும் இதை ஏற்பதில்லை. எங்கள் 2,180 கிலோவுக்கு இந்தக் கதவு அங்கேயே மூடிவிட்டது.

மின்சார பிரேக்கில் ஒவ்வொரு சக்கரத்தின் பிரேக் டிரம்முக்குள்ளும் ஒரு மின்காந்தம் இருக்கும். மின்சாரம் போனதும் அது சுழலும் டிரம்மின் முகத்தில் ஒட்டிக்கொண்டு இழுபடும், அந்த இழுப்பு ஒரு கையை நகர்த்தி பிரேக் ஷூவை விரிக்கும். ஒரு காந்தம் 3 ஆம்பியருக்குச் சற்று மேல் எடுக்கும். இரட்டை அச்சு கேரவன் என்றால் நான்கு காந்தம், 12 முதல் 15 ஆம்பியர். இந்த எண்ணை நினைவில் வையுங்கள், பின்னால் வயர் பேச்சில் திரும்ப வரும்.

மூன்றாவது ஒரு வகையும் உண்டு. மின்சாரக் கட்டளையை வாங்கி, ட்ரெய்லரில் இருக்கும் ஒரு பம்ப் ஹைட்ராலிக் அழுத்தம் கொடுத்து டிஸ்க் பிரேக்கைப் பிடிக்கும். விலை அதிகம், பிடிப்பும் நன்றாக இருக்கும். படகு ட்ரெய்லரை உப்புத் தண்ணீரில் இறக்குபவர்களுக்கு இதுதான் சரி. டிரம்முக்குள் இருக்கும் காந்தமும் ஷூவும் கடல் தண்ணீரில் நெடுநாள் தாங்காது. கேரவனுக்கு இது அவசியம் என்று நான் நினைக்கவில்லை.

மின்சார பிரேக் என்று முடிவானதும் அடுத்து வருவது கண்ட்ரோலர், அதாவது கேரவன் பிரேக்குக்கு எவ்வளவு மின்சாரம் போக வேண்டும் என்று முடிவு செய்யும் பெட்டி. கடைகளில் கிடைப்பவை அடிப்படையில் இரண்டு வகை. பழைய, மலிவான வகை நேரக் கணக்கில் இயங்கும். பிரேக் விளக்கு எரிந்ததும் ஓடத் தொடங்கி, நீங்கள் வைத்த அளவுக்குச் சில நொடிகளில் ஏறிப்போய் நிற்கும். சிக்னலில் மெதுவாக நிறுத்தினாலும், குறுக்கே கங்காரு பாய்ந்து உயிரைக் கையில் பிடித்து மிதித்தாலும், அதற்கு வித்தியாசம் தெரியாது. மெதுவான நிறுத்தத்துக்கு அளவு வைத்தால் அவசரத்துக்குப் போதாது. அவசரத்துக்கு வைத்தால் ஊருக்குள் ஒவ்வொரு சிக்னலிலும் கேரவன் பின்னாலிருந்து இழுத்துக் குலுக்கும்.

இரண்டாவது வகை விகித முறை. கார் எவ்வளவு வேகமாக வேகம் குறைகிறது என்பதை உள்ளே இருக்கும் உணரி அளந்து, அதே விகிதத்தில் கேரவனுக்கு மின்சாரம் அனுப்பும். ஊசல் வைத்த பழைய மாடல்களைப் பயண திசையில், மட்டம் பார்த்துத்தான் பொருத்த வேண்டும். ரெட்ஆர்க் நிறுவனத்தின் டோ-ப்ரோ எலைட் போன்றவற்றில் மூன்று திசைகளிலும் வேக மாற்றத்தை அளக்கும் முடுக்கமானி இருப்பதால் பெட்டியை டாஷ்போர்டுக்குள் எந்தக் கோணத்திலும் ஒளித்து வைக்கலாம். வெளியே ஒரு திருகு, அதாவது திருகவும் அழுத்தவும் கூடிய குமிழ், மட்டும் தெரியும். நாங்கள் வைத்திருப்பது இதுதான். விலை 300 முதல் 400 டாலர் சுற்றி, பொருத்துகூலி வேறு.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது, விகித முறையோடு ஓட்டுநரே அளவு வைக்கும் இன்னொரு முறையும் இருப்பது. செம்மண் பாதையில், செங்குத்தான இறக்கத்தில், நடக்கிற வேகத்தில் இறங்கும்போது கார் வேகம் குறைவது மிகக் கொஞ்சம்தான். அதனால் விகித முறை கேரவனுக்கு அனுப்பும் மின்சாரமும் கொஞ்சமாகத்தான் இருக்கும். அப்போது இரண்டாவது முறைக்கு மாற்றினால், பிரேக்கைத் தொட்டதும் நாம் வைத்த அளவு அப்படியே கேரவனுக்குப் போகும். நெடுஞ்சாலைக்கு விகித முறை, காட்டுப் பாதைக்கு இது.

எலெக்பிரேக்ஸ் மாதிரி கேரவன் பக்கமே பொருத்தி, போனிலிருந்து ப்ளூடூத் வழியாக இயக்கும் கருவிகளும் உண்டு. இரண்டு மூன்று கார்கள் மாறி மாறி இழுக்கும் வீட்டுக்கு நல்ல யோசனைதான். கேரவன் ஆடத் தொடங்கும் நேரத்தில் என் கை போய் அழுத்த நினைவில் பதிந்த ஓர் இடம், ஒரு பொத்தான் வேண்டும் என்பதால் நான் அதற்குப் போகவில்லை. அவர்களே தனிக் கைக் கருவியும் தருகிறார்கள். அப்படி வாங்குவதென்றால் அதையும் சேர்த்தே வாங்குங்கள், போன் திரையை நம்பாதீர்கள்.

ஆடுவது என்று சொன்னேன். பெரிய லாரி கடந்து போகும் காற்றில் கேரவன் இடமும் வலமும் அலையத் தொடங்கினால், காரின் பிரேக்கை மிதிப்பது நிலைமையை மோசமாக்கும். கண்ட்ரோலர் திருகை அழுத்தினால் கேரவன் பிரேக் மட்டும் பிடிக்கும், பின்னாலிருந்து நீட்டி இழுத்தது போல வண்டி நேராகும். எனவே அந்தத் திருகு, குனியாமல், கண்ணைச் சாலையிலிருந்து எடுக்காமல் கை எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். பொருத்துபவர் டாஷ்போர்டில் தனக்கு வசதியான காலி சுவிட்ச் மூடி ஒன்றைத் தேடுவார். நீங்கள் இருக்கையில் உட்கார்ந்து காட்டிய இடத்தில்தான் துளை போடச் சொல்லுங்கள்.

அடுத்தது வயரிங். காரின் பின்விளக்கு வயர்களை வெட்டி, ஒட்டு போட்டு ட்ரெய்லர் சாக்கெட்டுக்கு எடுப்பது ஒரு முறை. அந்தந்தக் கார் மாடலுக்கென்றே செய்த ஹார்னஸை (தயார் வயர்க் கட்டை) வாங்கி, தொழிற்சாலை இணைப்புகளுக்கு நடுவே சொருகுவது இன்னொரு முறை. இதில் ஒரு சின்ன மாட்யூல் இருக்கும். அது காரின் விளக்கு வயரிலிருந்து சைகையை மட்டும் எடுத்துக்கொண்டு, ட்ரெய்லர் விளக்குக்கான மின்சாரத்தை பேட்டரியிலிருந்து நேரே தரும். காருக்கும் ட்ரெய்லர் மாட்டியிருப்பது தெரியும். புதிய கார்கள் பலவற்றில் பின்பக்கப் பார்க்கிங் சென்சார் அடங்குவதும், ஆட்டத்தைக் கட்டுப்படுத்தும் வசதி விழிப்பதும் இதனால்தான்.

நான் முதலில் செய்தது ஒட்டு வயரிங். ஒரு பட்டறையில் பாதி விலைக்கு முடித்துக் கொடுத்தார்கள், ஊருக்குள் ஓட்டிப் பார்த்தபோது எல்லா விளக்கும் எரிந்தது. அந்த டிசம்பரில் கான்பெராவில் நண்பர் குடும்பத்தையும் சேர்த்துக்கொண்டு பேட்மன்ஸ் பே போனோம். பிரெய்ட்வுட் தாண்டி வரும் கிளைட் மலை இறக்கம் தெரிந்தவர்களுக்குத் தெரியும், கொண்டை ஊசி வளைவுகளோடு சரசரவென்று கீழே விழும் சாலை. குழந்தைகள் பொம்மைக் கரடிகளை வைத்துவிட்டுப் போகும் அந்த வளைவில் நிறுத்த வேண்டும் என்று பின்னால் பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது கியரில்தான் இறங்கினேன். ஆனாலும் மிதிக்கிற ஒவ்வொரு முறையும் கேரவன் தள்ளுவது முதுகில் தெரிந்தது. பின்னால் வந்த நண்பரின் மனைவி போனில் அழைத்தார்: "அண்ணா, நீங்க பிரேக் பிடிக்கும்போதெல்லாம் உங்க கேரவன் பின்விளக்கு மங்குது."

கீழே இறங்கி அளந்து பார்த்தபோது காரணம் கிடைத்தது. கேரவனின் மின்சாரம் முழுக்கத் திரும்பி வரும் எர்த் வயரை, ஒரு மெல்லிய கம்பியில், கடித்துப் பிடிக்கும் நீலப் பிளாஸ்டிக் கிளிப் ஒன்றால் ஒட்டியிருந்தார்கள். கிளிப்புக்குள் பச்சைக் களிம்பு. விளக்கின் மின்சாரத்தை அது தாங்கியது. நான்கு காந்தங்களின் 12 ஆம்பியர் அதன் வழியே போகும்போது திணறியது. முழு அளவில் திருகை அழுத்தியும் காந்தங்களில் 9 வோல்ட்தான் வந்தது. என் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் அந்தக் கிளிப்பை நம்பி மலை இறங்கியிருக்கிறார்கள். அதன்பின் காருக்கான ஹார்னஸை வாங்கி எல்லாவற்றையும் மாற்றினேன். 750 கிலோவுக்குக் கீழே பெட்டி ட்ரெய்லர் மட்டும் இழுக்கும் பழைய காருக்கு, ஈயம் வைத்து ஒழுங்காகப் பற்றவைத்த ஒட்டு வயரிங் தப்பில்லை. கேரவனுக்கு வேண்டாம்.

வயர் வாங்கும்போது ஒரு கண்ணி உண்டு. ஆஸ்திரேலியக் கடைகளில் 6 மில்லிமீட்டர் ஆட்டோ கேபிள் என்று விற்பது, மேலுறையோடு சேர்த்த விட்டம். உள்ளே இருக்கும் செம்பு 4.6 சதுர மில்லிமீட்டர் அளவுதான். 6 பி அண்ட் எஸ் என்று வேறோர் அளவு முறையில் விற்பதில் செம்பு 13.5 சதுர மில்லிமீட்டர். கேரவன் பேட்டரிக்கும் ஃப்ரிட்ஜுக்கும் போகும் 50 ஆம்பியர் ஆண்டர்சன் பிளக்குக்கு இரண்டாவதைத்தான் போட வேண்டும். இரண்டிலும் 6 இருப்பதால் ஏமாறுபவர்கள் நிறைய. நிறத்திலும் கவனம் வேண்டும். பல பிரேக் கண்ட்ரோலர்களில் கறுப்பு வயர்தான் பேட்டரியின் பாசிட்டிவ், வெள்ளை எர்த், சிவப்பு பிரேக் விளக்குச் சைகை, நீலம் கேரவன் காந்தங்களுக்கு. கறுப்பு என்றால் நெகட்டிவ் என்று பழகிய கை இங்கே தவறு செய்யும்.

சாக்கெட்டில் பெரிய யோசனை தேவையில்லை. தட்டையான 12 பின் போட்டுவிடுங்கள். அதன் மேல் வரிசை அதே 7 பின் தான், 7 பின் பிளக்கும் அதில் நுழையும். வட்டமான பழைய சாக்கெட்டுக்கு அடாப்டர் கிடைக்கும். 7 பின்னில் 5ஆவது நீலம், பிரேக்குக்கு. 3ஆவது வெள்ளை, எர்த். கோளாறு வந்தால் நான் முதலில் சுரண்டிப் பார்ப்பது இந்த மூன்றாவது பின்னைத்தான். இண்டிகேட்டர் போட்டதும் வேறு விளக்கும் சேர்ந்து துடித்தால், பத்துக்கு எட்டு முறை எர்த் தான்.

கடைசியாக பிரேக்அவே. கேரவன் கழன்று ஓடினால் ஒரு கம்பி பின்னை உருவும், கேரவனில் உள்ள பேட்டரி எல்லாக் காந்தங்களுக்கும் மின்சாரம் கொடுத்து குறைந்தது 15 நிமிடம் பிடித்து வைக்க வேண்டும். நியூ சவுத் வேல்ஸில் அந்த பேட்டரியின் நிலை ஓட்டுநர் இருக்கையிலேயே தெரிய வேண்டும் என்றும் விதி இருக்கிறது. வேறு மாநிலத்தில் கேரவன் வாங்கி இங்கே பதிவு செய்பவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள். அந்த நிலையைக் காருக்குள் காட்டும் மானிட்டரை முன்பே வாங்கிப் போடுங்கள்.

ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால் வீட்டு வாசலில் நான் செய்வது இது. முதலில் 12 பின் பிளக்கைக் காரிலிருந்து கழற்றுகிறேன், கண்ட்ரோலருக்குக் கேடு வராமல் இருக்க. பிரேக்அவே பின்னை உருவுகிறேன். கேரவன் காரோடு கப்ளிங்கில்தான் இருக்கும். முதல் கியரில் மெதுவாக அசைத்துப் பார்க்கிறேன். சக்கரங்கள் இறுகிப்போய் கேரவன் அசைய மறுக்க வேண்டும். பேட்டரி தீராமல் இருக்க உடனே பின்னைத் திரும்பச் சொருகி, பிளக்கை மாட்டுகிறேன். பிறகு தெருமுனை நேர் சாலையில் 40 கிலோமீட்டர் வேகத்தில் திருகை மட்டும் அழுத்தி, கேரவன் சக்கரம் பூட்டத் தொடங்கும் அளவைக் கண்டுபிடித்து, அதிலிருந்து ஒரு படி குறைத்து வைக்கிறேன். மழை வந்தால் இன்னும் ஒரு படி.