சர்வரை ஏற்றுவதா, கிளாஸை இறக்குவதா?

சிங்கப்பூரில் தேக்கா பக்கம் ஒரு துணைப்பாட நிலையத்தின் கட்டண ரசீது மென்பொருளை நான் பார்த்துக்கொள்கிறேன். அங்கே சர்வரில் இருந்தது பிஎச்பி என்ற நிரல்மொழியின் 7.4 பதிப்பு. புதிய ரசீது கிளாஸுக்கு (ரசீதின் தகவலையும் செயல்களையும் சேர்த்து வைக்கும் கோடுப் பகுதி) வேண்டியதோ 8.1. ஓடவிட்டால் பார்ஸ் எரர்தான், அதாவது கோடின் இலக்கணமே புரியவில்லை என்ற பிழை. கிளாஸைப் பழைய பாணியில் எழுதலாம், அல்லது பிஎச்பியை உயர்த்தலாம். நான் உயர்த்தினேன். யார் கேட்டாலும் அதையே சொல்வேன்.

புதிய பதிப்பின் வசதிகளைப் பழையதில் நிரப்பும் பாலிஃபில் இங்கே உதவாது. இல்லாத ஃபங்ஷனை அது கொடுக்கும், இல்லாத இலக்கணத்தைக் கொடுக்காது. அதே ஃபைலில் வெர்ஷன் பார்த்து இஃப் போட்டாலும் வீண். ஒரு வரிகூட ஓடுவதற்கு முன்பே பிஎச்பி நின்றுவிடும்.

பழைய பாணியில் வேலை நடக்கும், மறுக்கவில்லை. ப்ராப்பர்ட்டியை (கிளாஸ் வைத்திருக்கும் மதிப்பை) கன்ஸ்ட்ரக்டரிலேயே அறிவிக்கவிடும் 8.0-இன் கன்ஸ்ட்ரக்டர் ப்ரமோஷன் இல்லாததால், ஒரு முறை எழுத வேண்டிய ரசீது எண்ணின் பெயரை நான்கு முறை எழுத வேண்டும். அது போகட்டும். ஒரு முறை வைத்த மதிப்பை மாற்றவிடாத 8.1-இன் ரீட்ஒன்லி போனால்தான் இழப்பு. பிரைவேட் போட்டு, மதிப்பைப் படித்துத் தரும் கெட்டர் மெத்தட் வைத்தால் வெளியே இருந்து யாரும் எண்ணை மாற்ற முடியாது. ஆனால் அதே கிளாஸுக்குள் பின்னால் ஒருவர் சேர்க்கும் மெத்தட் தாராளமாக மாற்றலாம்.

என்னை முடிவெடுக்க வைத்தது பராமரிப்பு. 7.4-க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2022 நவம்பரோடு நின்றுவிட்டன. டேட்டாபேஸில் இருப்பவை பெற்றோரின் பெயர்களும் கைபேசி எண்களும். அவற்றை நியாயமான முறையில் பாதுகாப்பது சிங்கப்பூரின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி நிலையத்தின் கடமை. அப்புறம் லைப்ரரிகள்: புதிய வெளியீடு 8-ஐக் கேட்டால், லைப்ரரிகளை நிறுவித் தரும் கம்போசர் பழையதிலேயே நிறுத்திவிடும். இறக்கி எழுதிய கிளாஸையும் என்றாவது திரும்ப எழுதத்தான் வேண்டும்.

உயர்த்துவதிலும் வேலை உண்டு. பூஜ்யத்தை எழுத்துச் சரத்தோடு இரட்டைச் சமக்குறியால் ஒப்பிடும் இடங்களில் 8 வேறு விடை தரும். 8.2 முதல், அறிவிக்காத ப்ராப்பர்ட்டியைக் கிளாஸில் சேர்த்தால் எச்சரிக்கை வரும். ஆனாலும் 8.1-இல் நிற்காதீர்கள், அதன் ஆதரவு 2025 முடிவோடு சரி. 8.3-க்கு 2027 முடிய இருக்கிறது. கமாண்ட் லைனிலும் வெப்சர்வரிலும் வெவ்வேறு பதிப்புகள் இருக்கலாம், இரண்டையும் பாருங்கள்.

ரெக்டர் என்ற கருவி கொண்டு கோடைத் தானாகப் பழைய பாணிக்கு இறக்கலாம். சின்ன ஃபைல்களில் மட்டுமே பார்த்திருக்கிறேன், பெரிய திட்டத்துக்கு என்னால் உறுதி சொல்ல முடியாது. 8-இல் ஓடாத வேறொரு மென்பொருள் அதே பிஎச்பியை நம்பியிருந்தால் மட்டும், அதை நகர்த்தும்வரை பழைய பாணியில் எழுதுங்கள்.