நுரைச்சோலைப் புகையில் காபனைப் பிடிப்பதென்றால் எந்த வழி?

நோர்வூட், மஸ்கெலியாப் பக்கம் மழை பொய்த்து காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்களில் தண்ணீர் இறங்கிவிட்டால், பாரமெல்லாம் நுரைச்சோலை நிலக்கரி அனல்மின் நிலையத்தின் தலையில்தான் விழும். அங்கே 300 மெகாவாட் இயந்திரங்கள் மூன்று இருக்கின்றன. அந்தப் புகையிலுள்ள காபனீரொட்சைட்டைப் பிடிக்கும் பேச்சு மலையகத்தில் இருக்கும் நமக்கும் சம்பந்தப்பட்டதுதான், ஏனென்றால் நுரைச்சோலையில் குறையும் ஒவ்வொரு யூனிட்டையும் நம் நீர்த்தேக்கங்களிடம்தான் கேட்பார்கள்.

முதல் வழி, எரித்த பிறகு பிடிப்பது. புகையில் காபனீரொட்சைட்டு 12 முதல் 14 சதவீதம்தான், மீதி பெரும்பாலும் நைதரசன். கோபுரத்துக்குள் அமைன் என்ற இரசாயனத்தின் கரைசல் மேலிருந்து வழிய, கீழிருந்து ஏறும் புகையிலுள்ள வாயுவை அது 40 பாகை அளவில் பிடித்துக்கொள்ளும். அப்புறம் 120 பாகைக்குச் சூடாக்கினால் விட்டுவிடும். தேயிலை ஸ்டோரில் கொழுந்தைக் காயவைக்க விறகு தின்கிற மாதிரி, இங்கேயும் செலவெல்லாம் சூட்டில்தான். அந்தச் சூட்டுக்கான நீராவியை டர்பைனுக்குப் போகாமல் திருப்ப வேண்டும். கனடாவின் பவுண்டரி டாம் நிலையத்தில் 2014இல் இதைப் பூட்டினார்கள், ஏறத்தாழ 160 மெகாவாட் உற்பத்தியில் வெளியே போவது 115 அளவுதான். ஆண்டுக்கு 10 இலட்சம் தொன் பிடிப்பதாகச் சொன்ன இலக்கும் பல ஆண்டுகள் எட்டவில்லை. டெக்சாஸின் பெட்ரா நோவாவில் நீராவிக்கென்றே தனியாக ஒரு எரிவாயு டர்பைன் வைத்தார்கள். பிடித்த வாயு, எண்ணெயை வெளியே தள்ளுவதற்காக எண்ணெய்க் கிணறுகளுக்குப் போனது, 2020இல் எண்ணெய் விலை விழுந்ததும் வேலையும் நின்றது, 2023இல்தான் மறுபடி தொடங்கியது.

இரண்டாவது, காற்றுக்குப் பதிலாக ஒட்சிசனில் எரிப்பது. புகையில் நைதரசன் இல்லாததால் பிரிப்பது சுலபம், ஆனால் ஒட்சிசனைப் பிரித்தெடுக்கவே ஏராளமான மின்சாரம் போகும். ஆஸ்திரேலியாவின் காலைடில் 30 மெகாவாட் அளவில் 2012 முதல் 2015 வரை ஓட்டிப் பார்த்தார்கள்.

மூன்றாவது, நிலக்கரியை முதலில் வாயுவாக்கி எரிக்கும் முன்பே பிடிப்பது. நிலையத்தையே புதிதாகக் கட்ட வேண்டும், நுரைச்சோலைக்கு ஒத்துவராது. அமெரிக்காவின் கெம்பரில் 700 கோடி டொலருக்கு மேல் விழுங்கிவிட்டு 2017இல் நிலக்கரியை வாயுவாக்கும் வேலையைக் கைவிட்டார்கள்.

ஆக, இருக்கிற நிலையத்தில் பெரிய அளவில் பூட்டிப் பார்த்தது அமைன் முறைதான், அதற்கு என் மனம் இப்போது ஒப்பவில்லை. வறட்சியில் நீர்மின்சாரம் குறையும் அதே மாதங்களில்தான் நுரைச்சோலையின் ஒவ்வொரு மெகாவாட்டும் தேவை. 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியால மின்வெட்டில் இருந்தவர்களுக்கு அது புரியும்.

பிடித்ததை எங்கே வைப்பது? 800 மீற்றருக்குக் கீழே, நுண்துளைப் பாறை வேண்டும். நம் மலைகளுக்கடியில் இருப்பது கடும்பாறை. நுண்துளையுள்ள படிவுப் பாறைக்கு மன்னார்ப் படுகைப் பக்கம் போக வேண்டும், அதுவும் கடலுக்கடியில் குழாய் பதித்து. அவ்வளவு பணம் கிடைத்தால், பகல் சூரிய மின்சாரத்தில் தண்ணீரை மேலேற்றி இரவில் இறக்கும் 600 மெகாவாட் மகாஓயாத் திட்டத்துக்கே முதலில் கொடுக்கச் சொல்வேன்.